பேட்டரி ஆம்ப் செய்யப் போகிறீர்களா? ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள்

பேட்டரியில் ஓடும் ஆம்ப் (பாட்டைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று செய்யலாம் என்று நினைத்ததுமே எல்லோரும் தேடுவது அதற்குள் வேலை செய்யும் சில்லான ஐசியின் எண்ணைத்தான். எந்த ஐசி, எத்தனை வாட் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். சின்னதும் பெரிதுமாகச் சில ஆம்ப்கள் செய்து, பிரித்து, திரும்பவும் பூட்டிப் பார்த்த பிறகு என்னிடம் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் ஸ்பீக்கர், அடுத்து பேட்டரி, கடைசியில்தான் ஐசி. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதுதான் அது. இப்போது வரும் சின்ன 3 அங்குல ஸ்பீக்கர்கள் பல 84 டெசிபல் பக்கத்தில் நிற்கும். பழைய ரேடியோக்களில் இருந்த பேப்பர் கோன் ஸ்பீக்கர்களில் 90 டெசிபலைத் தொடுபவை உண்டு. 6 டெசிபல்தானே என்று விட்டுவிடக் கூடாது. சக்தி இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. அதாவது 84 டெசிபல் ஸ்பீக்கர் 4 வாட் வாங்கிக்கொண்டு தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே தந்துவிடும். சுவர் பிளக்கில் ஓடும் ஆம்ப் என்றால் இதனால் பெரிய நஷ்டமில்லை. பேட்டரியில் ஓடும்போது, 6 மணி நேரம் பாடுமா 24 மணி நேரம் பாடுமா என்பதையே இந்த எண் தீர்மானிக்கிறது. நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அதனால் 10 வாட் போர்டை எடுத்துவிட்டு 15 வாட் போர்டு போடுவதில் பிரமாதமான வித்தியாசம் எதுவும் கேட்காது. ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள், உடனே கேட்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம். சில விவரத்தாள்களில் 1 வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று போட்டிருப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். அங்கே 88 என்று எழுதியிருந்தால் மனசுக்குள் 3 கழித்து 85 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

நான் கடைசியாகச் செய்த பெட்டிக்கு ஒரு பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய 6 அங்குல பேப்பர் கோன் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டேன். பழைய ஸ்பீக்கர் எடுக்கும்போது மூன்று விஷயங்கள் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டும். அது சரிதான், டிசி ரெசிஸ்டன்ஸ் அப்படித்தான் இருக்கும். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக, நேராக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் வந்தால் கோனோடு ஒட்டியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், இடம் மாறியிருக்கிறது, அந்த ஸ்பீக்கரை விட்டுவிடலாம். பிளஸ் மைனஸ் குறி அழிந்திருந்தால் ஒரு 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொடவைத்துப் பாருங்கள். கோன் முன்னால் வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரே ஒரு ஸ்பீக்கர் என்றால் இது முக்கியமில்லை. இரண்டு வைக்கும்போது ஒன்று மாறிவிட்டால் பாஸ் காணாமல் போய்விடும்.

பெட்டியைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஸ்பீக்கரை வெறுமனே மேஜையில் வைத்துப் பாட்டு போடுங்கள். தகரத்தில் பேசுவதுபோல் மெலிசாகக் கேட்கும். இப்போது ஒரு பெரிய அட்டையில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டம் வெட்டி, அதன் பின்னால் ஸ்பீக்கரை அழுத்திப் பிடியுங்கள். அதே ஆம்ப், அதே பேட்டரி, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி திடீரென்று வந்து நிற்கும். கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஒன்றையொன்று அழித்துவிடாமல் அட்டை தடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாட்கூடச் செலவாகாமல் கிடைக்கும் பாஸ் இது. பெட்டி செய்வதற்கு எடுக்கும் நேரத்தை யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. நான் பிளைவுட்டில் மூடிய பெட்டியாகச் செய்து, மூலைகளில் பசை ஓட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தேன். வயர் வெளியே வரும் ஓட்டையைக்கூட அடைக்க வேண்டும். காற்று கசிந்தால் பாஸ் நோட்டு வரும்போதெல்லாம் புஸ்ஸென்று கேட்கும். பேட்டரிக்குத் தனி அறை ஒதுக்கிவிடுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் அறைக்குள்ளேயே ஸ்பிரிங் ஹோல்டரில் செல்லைப் போட்டால், அதிர்வில் ஸ்பிரிங் தொட்டும் விட்டும் கரகரக்கும்.

சரி, இனி ஆம்ப். முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு எல்எம்386 இன்றைக்கும் நல்ல தொடக்கம். எட்டே கால்கள், சுற்றிலும் நாலைந்து பாகங்கள். சும்மா இருக்கும்போது 4 மில்லி ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். 4ஆவது கால் கிரவுண்ட், 6ஆவது சப்ளை, 5ஆவது அவுட்புட். சப்ளையில் பாதி வோல்ட் அவுட்புட்டில் எப்போதும் இருக்கும் என்பதால் 220 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். 10 ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டரும் தொடராக 5ஆவது காலிலிருந்து கிரவுண்டுக்குப் போவதைச் சிலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஐசி தானாக ஆடாமல் இருக்க அது வேண்டும். 1க்கும் 8க்கும் நடுவே 10 மைக்ரோ ஃபேரட் போட்டால் கெயின், அதாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 20இலிருந்து 200 ஆகும் என்பது உண்மைதான். ஆனால் போனிலிருந்து பாட்டு கொடுப்பதற்கு அது வேண்டாம். 9 வோல்ட்டில் இந்த ஐசியின் அவுட்புட் உச்சத்தில் மூன்றரை வோல்ட்தான் ஆடும். கெயின் 20 என்றால் உள்ளே 0.18 வோல்ட் போதும், போன் அதைவிட அதிகமாகவே தரும். 200 வைத்தால் கூடுவது இரைச்சல் மட்டும்தான்.

மூன்றரை வோல்ட் உச்சம் என்றால் 8 ஓமில் எத்தனை வாட்? உச்ச வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால் வகுத்தால் வந்துவிடும்: 12.25ஐ 16ஆல் வகுத்தால் முக்கால் வாட். இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் விளம்பர வாட்டில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. முக்கால் வாட் என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும். 90 டெசிபல் ஸ்பீக்கரோடு சேர்த்தால் ஓர் அறையை நிறைத்துவிடும்.

எல்எம்386ஐ மட்டமான ஐசி என்று பலர் சொல்லக் காரணம் அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி என்பது என் எண்ணம். அதற்குள் ஆறு குட்டி செல்கள் அடுக்கியிருக்கின்றன. கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர் மணி பக்கம்தான், உள் எதிர்ப்போ அதிகம், தீரத் தீர இன்னும் ஏறும். பாஸ் நோட்டு ஒன்று அடிக்கும்போது வோல்ட் விழும், அது ஐசியின் உள்ளீட்டையே ஆட்டும், பாட்டோடு சேர்ந்து பட் பட் பட் என்று மோட்டார் படகு மாதிரி ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஐசியைக் குறை சொல்ல வேண்டாம். 6ஆவது காலுக்கு ஒட்டியே 470 மைக்ரோ ஃபேரட்டும் 0.1 மைக்ரோ ஃபேரட்டும் போடுங்கள், 7ஆவது காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோ ஃபேரட் போடுங்கள். அதைவிட முக்கியம், சதுர பேட்டரியை எடுத்துவிட்டு ஆறு பென்சில் செல்களை (ஏஏ அளவு) வரிசையாக இணையுங்கள். அதே 9 வோல்ட்தான், ஆனால் நாலு மடங்கு நேரமாவது பாடும், சத்தமும் கெட்டியாக நிற்கும்.

அடுத்த படி கிளாஸ் டி. எல்எம்386 போன்ற பழைய வகை ஐசிகள் முழுச் சத்தத்தில் கணக்குப்படி 78.5 சதவீதத்துக்கு மேல் திறன் காட்ட முடியாது. நாம் கேட்கும் சாதாரணச் சத்தத்திலோ அதைவிட மிகக் குறைவு. மீதி எல்லாம் சூடாகப் போகிறது. கிளாஸ் டி ஐசிக்குள் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் விநாடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகின்றன. முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருப்பதால் வீணாகும் சூடு குறைவு, பேட்டரியிலிருந்து எடுத்ததில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போகிறது. பேட்டரிக்காகவே பிறந்த வகை என்று தயங்காமல் சொல்வேன்.

இதில் சின்னது வேண்டுமென்றால் பிஏஎம்8403. 2.5 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், ஒரே ஒரு லித்தியம் செல்லில் நேரடியாக மாட்டிவிடலாம். 3 வாட் என்று போட்டிருப்பது 5 வோல்ட்டில், 4 ஓமில், 10 சதவீதம் சிதைந்த ஒலியோடு. ஒரு செல்லில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கிடைப்பது 1 வாட்டுக்கும் கீழேதான். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதுவே போதும் என்று மேலே பார்த்தோம். சத்தம் பற்றவில்லை என்று இரண்டு செல்களை வரிசையாக இணைத்துவிடாதீர்கள், 8.4 வோல்ட்டில் ஐசி அப்போதே போய்விடும்.

நான் பெட்டிக்கு எடுத்தது டிபிஏ3110 வகை போர்டு. 8 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஓடும். மூன்று 18650 செல்கள் (லேப்டாப் பேட்டரிகளில் இருக்கும் உருளை வடிவ லித்தியம் செல்கள்) வரிசையாக இருந்தால் நிறைந்திருக்கும்போது 12.6, தீரும்போது 9. அழகாக உள்ளே பொருந்துகிறது. 12 வோல்ட் சப்ளையில் அவுட்புட் 11 வோல்ட் வரை ஆடும் என்று வைத்தால் மேலே சொன்ன கணக்குப்படி 8 ஓமில் ஏழரை வாட். போர்டோடு வரும் அட்டையில் 15 வாட் என்று இருக்கும், அது 16 வோல்ட்டுக்கான எண். என் ஒற்றை ஸ்பீக்கருக்கு ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதன் உள்ளீட்டைக் கிரவுண்டில் இணைத்துவிட்டேன்.

இந்த இரண்டு ஐசிகளிலும் மறக்கக் கூடாத ஒன்று: ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையுமே ஐசி ஓட்டுகிறது. மைனஸ் என்று எழுதியிருக்கும் முனை கிரவுண்ட் கிடையாது. அதைப் பெட்டியின் உலோகத்திலோ, ஹெட்போன் ஜாக்கிலோ, இன்னொரு சேனலின் மைனஸோடோ சேர்த்தால் ஐசிக்கு ஆபத்து. இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து மூன்று வயர் மட்டும் வரும் பழைய ஜோடிகளை இதில் மாட்ட முடியாது, நான்கு வயராகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இனி பேட்டரி. நிறுத்தி நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். 18650 செல்லின் உலோக உடம்பு முழுவதும் மைனஸ். மேலே உள்ள சின்னப் பொத்தான் மட்டும் பிளஸ், அதைச் சுற்றியுள்ள விளிம்புகூட மைனஸ்தான். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. அந்த உறை கிழிந்த செல்லை உறை மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது. பிளஸ் முனையில் காகித வளையம் ஒன்று ஒட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள், அந்தச் சூடு உள்ளே இருக்கும் மென்படலத்தைக் கெடுக்கும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்களை வாங்குங்கள், இல்லையென்றால் இறுக்கமான நல்ல ஹோல்டர் போடுங்கள். மூன்றும் ஒரே மாடலாக, ஒரே வயதாக இருக்கட்டும். இணைப்பதற்கு முன் மூன்றையும் முழுதாகச் சார்ஜ் செய்து வோல்ட்டைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் அதற்கு உயிர் கொடுக்க முயல வேண்டாம்.

பிஎம்எஸ் (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்னும் பாதுகாப்பு போர்டு கட்டாயம் வேண்டும். எந்த ஒரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போகாமலும் அளவுக்கு மீறி இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் பிஎம்எஸ் சார்ஜர் இல்லை. கையில் கிடைத்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் செல்கள் நிறையவே நிறையாது. 15 வோல்ட் அடாப்டரை மாட்டினால் பிஎம்எஸ் மட்டுமே காவல் நிற்க வேண்டியிருக்கும், அது கடைசித் தடுப்பு. மூன்று செல் லித்தியத்துக்கு என்றே, முதலில் கரண்டையும் பிறகு வோல்ட்டையும் கட்டுப்படுத்தும் 12.6 வோல்ட் சார்ஜர் இருக்கிறது, அதையே வாங்குங்கள். பிளஸ் வயரில் பேட்டரிக்கு ஒட்டியே ஒரு ஃபியூஸ் வையுங்கள். என் பெட்டியில் 2 ஆம்பியர் இருக்கிறது. ஃபியூஸ் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தால், பேட்டரிக்கும் அதற்கும் நடுவே வயர் நசுங்கினால் காப்பாற்ற ஆளில்லை.

எவ்வளவு நேரம் பாடும்? 2500 மில்லி ஆம்பியர் மணி செல்கள் மூன்று என்றால் 11.1 வோல்ட்டில் ஏறக்குறைய 28 வாட் மணி. பாட்டு என்பது உச்சங்களும் இடைவெளிகளும் கலந்தது. உச்சத்தில் ஏழு வாட் போனாலும் சராசரி அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பேட்டரி வயரில் மீட்டரைத் தொடராகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து அறைக்குக் கேட்கும் சத்தத்தில்கூட 100 மில்லி ஆம்பியரைச் சுற்றித்தான் இருந்தது. ஒரு நாளின் பெரும்பகுதி பாடுவதற்கு அது போதும். சும்மா இருக்கும்போதே போர்டு சில பத்து மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்பதையும் மீட்டர் காட்டும். அதனால் வால்யூமைக் குறைத்துவிட்டுப் போகாமல் சுவிட்சை அணைக்க வேண்டும்.

பேட்டரி ஆம்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இரைச்சல் வேட்டை. சுவர் மின்சாரத்தின் ஹம் என்னும் ரீங்காரம் இங்கே சப்ளை வழியாக உள்ளே வர வழியில்லை. ஆகவே ஏதாவது கேட்டால் அது பெரும்பாலும் நம் வயரிங்கிலிருந்தே வருகிறது, தேட வேண்டிய இடம் சின்னது. உள்ளீட்டைக் கிரவுண்டோடு இணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் வெளியிலிருந்து வருகிறது, நிற்காவிட்டால் போர்டிலோ சப்ளையிலோ இருக்கிறது. பேட்டரி மைனஸிலிருந்து வரும் எல்லாக் கிரவுண்ட் வயர்களும் போர்டின் சப்ளை மைனஸில், ஒரே புள்ளியில் வந்து சேரட்டும். ஸ்பீக்கர் கரண்ட் போகும் தடித்த வயரின் நடுவில் வால்யூமின் கிரவுண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

பலருக்கும் வரும் தொல்லை ஒன்று உண்டு. அதே பேட்டரியிலிருந்தே போனுக்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டு, அதே போனிலிருந்து வயர் வழியாகப் பாட்டு கொடுத்தால் கீச்சென்று ஒரு விசில் வரும். புளூடூத் போர்டு வைத்தாலும் இதேதான். சார்ஜ் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக இரண்டு வழி கிடைக்கிறது: ஒன்று சார்ஜ் வயரின் மைனஸ், இன்னொன்று ஆடியோ வயரின் கிரவுண்ட். இரண்டாவது வழியாகக் கொஞ்சம் போனாலும் அது ஆம்புக்குப் பாட்டாகத்தான் தெரியும். எத்தனை கெபாசிட்டர் போட்டாலும் இது போகாது, நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது வழியையே அறுக்க வேண்டும். புளூடூத் போர்டுக்கு பி0505எஸ் என்னும் சின்ன ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் போதும். 5 வோல்ட் வாங்கி, கிரவுண்ட் தொடர்பே இல்லாத தனி 5 வோல்ட் தரும், 1 வாட் வரை. போனைச் சார்ஜ் செய்ய அது போதாது. அங்கே ஆடியோ வயரில், நேரடி வயர் தொடர்பு இல்லாமல் பாட்டை மட்டும் கடத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், இல்லையென்றால் இரண்டில் ஒரு வேலையை மட்டும் செய்யலாம்.

சில்லறை விஷயங்கள் சில. வால்யூம் திருகுக்கு ஏ10கே என்று போட்டிருக்கும் லாக் (லாகரிதமிக்) வகையை வாங்குங்கள். பி என்று இருப்பது லீனியர். அதைப் போட்டால் முதல் கால் திருப்பிலேயே எல்லாச் சத்தமும் வந்துவிடும், மீதி முக்காலும் வீண். போனின் இடது வலது இரண்டையும் ஒற்றை ஸ்பீக்கருக்குச் சேர்க்கும்போது நேராக முடிச்சுப் போடாமல் ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் வைத்துச் சேருங்கள். போர்டின் சப்ளை முனையில் 1000 மைக்ரோ ஃபேரட், 25 வோல்ட் கெபாசிட்டர் நல்லது. ஆசைப்பட்டுப் பல ஆயிரம் என்று ஏற்றினால், சுவிட்ச் போட்டதும் பாயும் கரண்டை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு பிஎம்எஸ் வெட்டிவிடுவதும் உண்டு.

முதல்முறை உயிர் கொடுக்கும்போது ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைத் தொடராகப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், வேறு எதுவும் எரியாது. பல்ப் இருட்டாக இருந்தால் அதை எடுத்துவிட்டு மீட்டரை எடுங்கள். எல்எம்386இல் 5ஆவது கால் சப்ளையில் பாதி காட்ட வேண்டும். கிளாஸ் டி போர்டில் ஒவ்வொரு ஸ்பீக்கர் முனையும் கிரவுண்டிலிருந்து பாதி வோல்ட் பக்கம் இருக்கும், இரண்டு முனைகளுக்கும் நடுவே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நடுவே ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் நின்றால் ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம், காயில் சூடாகிக் கருகிவிடும். எல்லாம் சரியென்றால், போனால் போகட்டும் என்கிற ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டு போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் நல்லதை மாட்டுங்கள்.

பெட்டியில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் வைத்தால் 10 வோல்ட்டில் நாமே நிறுத்திக்கொள்ளலாம். பிஎம்எஸ் வெட்டும்வரை இறக்குவது செல்லின் ஆயுளைக் குறைக்கும். சில மாதங்கள் பயன்படுத்தாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் நிறையச் சார்ஜ் செய்தும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். ஒவ்வொரு செல்லும் 3.7, 3.8 வோல்ட்டில் இருக்கும்போது ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் சூடு படாத இடத்தில் வையுங்கள். பிஎம்எஸ் தனக்கென்று துளித்துளியாக எடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இடையில் எப்போதாவது ஒரு தடவை வோல்ட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.